மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங்: ஓர் ஆயில் ஃபில்டர் ஆலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் நடுத்தர ஆலை ஒன்றில் நடந்தது இது. கார், சிறு சரக்கு வண்டி, டிராக்டர் ஆகியவற்றுக்கு ஆயில் ஃபில்டர் செய்கிறார்கள். பெரும்பகுதி உதிரிபாகக் கடைகள் வழியாக ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகிறது. ஒரு மாடலில் வந்த புகாரை விசாரிக்க வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆலை, சப்ளையர், வண்டி, ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

என்ன கெட்டுப்போனது என்று புரிய, ஃபில்டர் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். நாம் பேசுவது என்ஜினில் திருகி மாட்டும் வகை. வெளியில் தெரியும் டப்பாவை ஆலையில் ஷெல் என்பார்கள். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள, ஆழமாக இழுக்கத் தோதான எஃகுத் தகட்டை வட்டமாக வெட்டி, பிரஸ்ஸில் படிப்படியாக இழுத்துக் குவளையாக்குகிறார்கள். வாயைச் சீராக வெட்டி, விளிம்பை வெளியே மடித்தால் ஷெல் தயார்.

அடுத்தது டேப்பிங் பிளேட். இது தடித்த தகடு. நடுவில் திரெட் போட்ட துளை. பல வண்டிகளுக்கு முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 திரெட் என்ற அளவு. அதைச் சுற்றி வட்டமாகச் சிறு துளைகள். அழுக்கு ஆயில் சுற்றுத் துளைகள் வழியாக உள்ளே வரும், வடிகட்டிய ஆயில் நடுத்துளை வழியாக வெளியே போகும். இந்தப் பிளேட்டின் மேல் மெல்லிய மூடித் தகட்டை வெல்டிங் செய்து சேர்க்கிறார்கள். வெளி ரப்பர் கேஸ்கெட் உட்காரும் பள்ளம் அந்த மூடியில்தான் இருக்கிறது.

வடிகட்டும் வேலையைச் செய்வது பேப்பர். மரநாரால் ஆன, பீனாலிக் ரெசின் ஏற்றிய காகிதம் உருளைகளாக வருகிறது. மடிப்பு மெஷினில் கொசுவம்போல மடித்து, 150 முதல் 180 டிகிரி சூட்டில் ஓவனில் விட்டால் ரெசின் இறுகி மடிப்பு விறைப்பாக நிற்கும். கணக்குப்படி மடிப்புகளை எண்ணி வெட்டி, இரண்டு ஓரத்தையும் சேர்த்து வளையமாக்கி, துளைகள் போட்ட நடுக்குழாயின் மேல் மாட்டுவார்கள். மேலும் கீழும் பசை ஊற்றிய எண்ட் கேப் என்ற முனைத் தகட்டில் வைத்து மறுபடியும் ஓவனுக்கு அனுப்புவார்கள். வெளியே வருவது எலிமெண்ட். இந்த மாடலில் மூடிய பக்கத்து எண்ட் கேப்பிலேயே பைபாஸ் வால்வு இருக்கிறது. பேப்பர் அடைத்துக்கொண்டாலோ குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, ஏறக்குறைய 1 பார் அழுத்த வித்தியாசத்தில் அது திறந்து ஆயிலை நேராக விட்டுவிடும். அழுக்கு ஆயிலாக இருந்தாலும் பரவாயில்லை, பேரிங் காயக்கூடாது என்பது கணக்கு.

அசெம்பிளியில் ஷெல்லை வாய் மேலே இருக்கும்படி நிறுத்துவார்கள். முதலில் ஸ்பிரிங், அதன் மேல் எலிமெண்ட், எலிமெண்டின் திறந்த முனையில் ஆண்டி டிரெயின் பேக் வால்வு என்ற ரப்பர் வளையம், கடைசியாக டேப்பிங் பிளேட்டோடு சேர்ந்த மூடி. பிறகு பால் பவுடர் டின்னை மூடுவதுபோல் இரட்டை மடிப்புச் சீமிங். அதற்குப் பின் உள்ளே காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி லீக் பார்ப்பார்கள். அதில் தேறியதன் மேல் பெயிண்ட் தூளைப் பூசுவார்கள்; அது உருகி ஒட்ட, ஃபில்டர் பவுடர் கோட்டிங் ஓவனுக்குள் 180 டிகிரியில் போய்வரும். வெளி கேஸ்கெட், அச்சு, அட்டைப்பெட்டி எல்லாம் அதற்கப்புறம்.

இதில் அந்த ரப்பர் வளையத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள உறவைத் தனியாகச் சொல்ல வேண்டும். வளையத்தின் உள் விளிம்பு, எலிமெண்டுக்கும் டேப்பிங் பிளேட்டுக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்து அழுக்கு ஆயிலையும் சுத்தமான ஆயிலையும் பிரித்து வைக்கிறது. வெளி உதடு, சுற்றுத் துளைகளை உள்பக்கமிருந்து மூடியபடி படுத்திருக்கிறது. பம்ப் தள்ளும்போது உதடு விலகி ஆயிலை உள்ளே விடும். என்ஜின் நின்றதும் துளைகளை அடைத்து, ஃபில்டரில் இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டு வேலையும் நடக்க, அடியில் இருக்கும் ஸ்பிரிங் எலிமெண்டை மூடியை நோக்கி விடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபில்டரிலேயே விலை குறைந்த பாகங்களில் ஒன்று அந்த ஸ்பிரிங்.

புகார் வந்த விதம்

ஈரோட்டு வியாபாரி ஒருவர்தான் முதலில் அழுத்திச் சொன்னார். சிறிய டீசல் சரக்கு வண்டி ஒன்றில், இந்த ஃபில்டர் போட்ட பிறகு காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் வருகிறது, ஆயில் லைட் அணைய நேரமாகிறது, பகலில் எத்தனை தடவை ஸ்டார்ட் செய்தாலும் ஒன்றும் இல்லை என்று டிரைவர்கள் சொல்கிறார்கள். அந்த வண்டியில் ஃபில்டர் படுக்கைவாட்டில் பொருந்துகிறது. இராத்திரி முழுக்க நின்றால் உள்ளே இருக்கும் ஆயில் வடிந்துவிட, காலையில் பம்ப் முதலில் காலி ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் மேலே ஆயில் அனுப்ப முடியும். அதுவரை என்ஜினின் மேல்பகுதி ஆயில் இல்லாமல் ஓடும்.

ஆலையின் விற்பனைப் பிரிவு இதற்கு முன்னும் இதே மாதிரி சில புகார்களை வாங்கியிருந்தது. எல்லாவற்றையும் "ஆயில் தரம்" அல்லது "பொருத்திய விதம்" என்ற தலைப்பில் எழுதி, மாற்று ஃபில்டர் கொடுத்து முடித்திருந்தார்கள். புகார் புத்தகத்தில் தேர்ந்தெடுக்க இருந்த தலைப்புகளே அவ்வளவுதான். லீக், திரெட், பேப்பர், ஆயில் தரம், பொருத்திய விதம். வெளியே ஒழுகாத, கிழியாத ஃபில்டர் உள்ளே கோளாறாக இருக்கலாம் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

ஈரோட்டுக்காரர் செய்த ஒரு நல்ல காரியம், கழற்றிய ஃபில்டர்களோடு அதே பெட்டியிலிருந்து பயன்படுத்தாத சில ஃபில்டர்களையும் சேர்த்து அனுப்பியது. "ஓடினதை மட்டும் அனுப்புனா ஆயில் மேல பழி போடுவீங்க சார், அதான் புதுசும் வெச்சிருக்கேன்" என்றாராம். விசாரணை நேரான வழியில் போனதற்கு இது பெரிய காரணம்.

வெட்டிப் பார்த்ததும் வெட்டியதால் போனதும்

திரும்பி வந்தவற்றைத் தரப் பிரிவில் கட்டர் வைத்து மூடியோரமாக வெட்டித் திறந்தார்கள். பேப்பர் நன்றாக இருந்தது. பசை விடவில்லை. ரப்பர் மிருதுவாக, கடினத்தன்மை டிராயிங்கில், அதாவது பாகத்தின் அளவுகளைக் குறித்த வரைபடத்தில், கேட்டபடி இருந்தது. டேப்பிங் பிளேட்டின் துளைகளில் பிசிறு இல்லை, ரப்பர் உட்காரும் முகத்தில் வெல்டிங் தெறிப்பும் இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் அளந்தார்கள், எல்லாம் டாலரன்ஸ் என்ற அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்குள். "ஃபில்டரில் குறை இல்லை" என்ற அறிக்கை கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

அந்த அறிக்கையில் எழுதியிருந்தது பொய் அல்ல. ஆனால் சீமிங்கை வெட்டிய அந்த நொடியே ஸ்பிரிங் விரிந்துவிடுகிறது. மூடியிருந்தபோது அது எவ்வளவு அழுத்திக்கொண்டிருந்தது என்ற தகவலும் அதோடு போய்விடுகிறது. மேஜை மேல் பரப்பி வைத்த பாகங்களில் இல்லாத குறை, அவை சேர்ந்திருந்த நிலையில் இருந்திருக்கலாம்.

அழியாமல் இருந்த தடயம் ரப்பர் வளையத்தில்தான் கிடைத்தது. நன்றாக அழுத்தப்பட்டு ஓடிய ரப்பரின் உள் விளிம்பில் எண்ட் கேப் பதிந்த வளையம் முழுவட்டமாக, ஆழமாக இருக்கும். ஆலையின் ஸ்டோரில் ஒரு வருடத்துக்கு முந்தைய ஃபில்டர்கள் சில கிடந்தன. அவற்றை வெட்டினால் அப்படித்தான் இருந்தது. புகார் வந்தவற்றில் பதிவு மங்கலாக, சிலவற்றில் பாதி வட்டத்தோடு நின்றிருந்தது. ஓடிய ஃபில்டர்கள் சிலவற்றில் பதிவு இல்லாத பகுதியைக் குறுக்கே கடந்து, அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தமான பக்கத்துக்குக் கறுப்புக் கீற்று ஓடியிருந்தது.

அந்தக் கீற்றுதான் விவகாரத்தின் எடையை மாற்றியது. அதுவரை இது காலைச் சத்தம் பற்றிய புகார். கீற்று சொல்வது, பேப்பரைத் தொடாமலே கொஞ்சம் ஆயில் உள் விளிம்பு வழியாக நழுவி என்ஜினுக்குப் போயிருக்கிறது என்பது. அதற்குச் சத்தமே வராது, விளக்கும் எரியாது. பேரிங் தேய்ந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத் தெரியும்போது யாரும் ஃபில்டரை நினைக்கப் போவதில்லை. சத்தம் வந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

வடிகிறதா என்ற சோதனை

ஆயில் ஃபில்டர் சோதனைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 4548 வரிசையில் 9-ஆம் பகுதி ஆயில் வடியாமல் தடுக்கும் இந்த ரப்பர் வளையம் போன்ற வால்வுகளைப் பற்றியது. அந்த ஆலையில் பைபாஸ் வால்வு, வெடிப்பழுத்தம், வடிகட்டும் திறன் ஆகியவற்றுக்குச் சோதனை செய்யும் வழக்கம் இருந்தது. வடிகால் சோதனையை மாடல் அறிமுகமானபோது ஒருமுறை செய்ததோடு சரி. தொடர் உற்பத்தியில் யாரும் செய்யவில்லை.

வண்டியில் இருப்பதுபோல் ஃபில்டரைப் படுக்கவைத்து ஆயில் நிரப்பி, உள்வழித் துளைகளிலிருந்து எவ்வளவு வடிகிறது என்று கண்ணாடிக் குழாயில் பார்க்கும் எளிய அமைப்பு ஒன்றை அங்கேயே கட்டினார்கள். பழைய ஃபில்டர்கள் பிடித்து நின்றன. ஈரோட்டிலிருந்து வந்த பயன்படுத்தாத ஃபில்டர்களில் பாதிக்கு மேல் வடிந்தன. புதிய ஃபில்டரே வடிந்ததால், ஆயில் தரம், பொருத்திய விதம் இரண்டும் அன்றைக்கே விசாரணையிலிருந்து வெளியேறின.

லீக் டெஸ்ட்டில் இது ஏன் பிடிபடவில்லை என்று ஆலை முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி, ஏனென்றால் ஒவ்வொரு ஃபில்டரும் அந்தத் தொட்டியில் முங்கித்தான் வெளியே வருகிறது. ஆனால் அங்கே கொடுக்கும் காற்று நடுத்துளை, சுற்றுத் துளை இரண்டு வழியாகவும் உள்ளே நிரம்புகிறது. வெளியே குமிழி வருகிறதா என்பதுதான் கேள்வி. உள்ளே இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒழுகினாலும் தண்ணீரில் ஒரு குமிழியும் வராது. நூறு சதவீதச் சோதனை என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். சோதித்தது டப்பாவை.

ஸ்பிரிங் சுருங்கிய கதை

சந்தேகம் இப்போது அழுத்தத்தின் மேல் வந்தது. டிசைன்படி, மூடிய நிலையில் ஸ்பிரிங் 6 மில்லிமீட்டர் சுருங்கியிருக்க வேண்டும். சுருக்கம் குறைய மூன்று வழி உண்டு. ஷெல் ஆழமாகியிருக்கலாம், எலிமெண்ட் குட்டையாகியிருக்கலாம், ஸ்பிரிங் உயரம் இழந்திருக்கலாம்.

ஷெல்லில் ஆழம் கூடியிருந்தது உண்மை. ஷெல்லுக்கு வடிவம் தரும் டை என்ற அச்சு பராமரிப்புக்குப் போய்வந்த பிறகு அடிப்பகுதியின் வடிவம் சற்றே மாறி, ஆழம் டாலரன்ஸின் மேல் எல்லையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. எலிமெண்ட் கீழ் எல்லைப் பக்கம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1 மில்லிமீட்டரைத் தின்றன. ஆனால் 6-இல் 1 போனால் ரப்பர் இவ்வளவு தளர்ந்திருக்கக் கூடாது.

ஸ்பிரிங்கில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. சில மாதங்களுக்கு முன் சப்ளையர் மாறியிருந்தார். புதியவரின் சரக்கு வரும்போதெல்லாம் கம்பியின் விட்டம், விடுபட்ட உயரம், குறிப்பிட்ட உயரத்தில் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள். எல்லாம் சரி. வெட்டிய ஃபில்டர்களிலிருந்து எடுத்த ஸ்பிரிங்குகளும் டிராயிங்கைத் தாண்டிவிடவில்லை; உயரம் கீழ் எல்லைக்கு ஒட்டி இருந்ததால் "ஓகே" என்றே குறித்திருந்தார்கள்.

ஸ்டோரில் இருந்த புதிய ஸ்பிரிங்குகளையும் ஃபில்டரிலிருந்து எடுத்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது விஷயம் கண்ணிலேயே பட்டது. ஒரே லாட். ஃபில்டருக்குள் போய்வந்தவை சுமார் 2 மில்லிமீட்டர் குட்டை. பயன்படுத்தாத ஃபில்டரிலும் அப்படியே. அதனால் என்ஜின் சூடு காரணமல்ல. ஆலைக்குள்ளேயே ஏதோ நடந்திருக்கிறது.

ஆலைக்குள் மூடிய பிறகு ஃபில்டர் காணும் சூடு ஒன்றே ஒன்றுதான், பவுடர் கோட்டிங் ஓவன். டூல் ரூமில் ஒரு சின்ன ஃபிக்ஸ்சர் செய்து, புதிய சப்ளையரின் ஸ்பிரிங்குகளையும் ஸ்டோர் மூலையில் கிடைத்த பழைய சப்ளையரின் சிலவற்றையும் மூடிய உயரத்துக்கு இறுக்கிப் பூட்டி, உற்பத்தியோடு சேர்த்து ஓவன் வழியாக அனுப்பினார்கள். வெளியே வந்ததும், பழையவற்றின் உயரத்தில் பெரிய மாற்றமில்லை. புதியவை குட்டையாகியிருந்தன.

இது உலோகவியலில் தெரிந்த விஷயம்தான். கம்பியைச் சுருட்டும்போது அதில் உள்தகைவு, அதாவது உள்ளுக்குள் ஓர் இறுக்கம், தங்கிவிடும். சுருட்டி முடித்ததும் ஸ்பிரிங்கைச் சூளையில் 200 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் வைத்து அதைத் தணிக்க வேண்டும். அப்படிச் செய்யாத ஸ்பிரிங்கை அழுத்திய நிலையில் சூடேற்றினால், அது அந்த அழுத்தத்துக்கு இணங்கிக் குட்டையாகிவிடும். பழைய சப்ளையர் தானாகவே தகைவு தணிப்புச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். புதியவர் செய்யவில்லை, அதனால்தான் விலையும் கொஞ்சம் குறைவு.

அவர் மேல் கோபப்பட்டார்கள். என்னைக் கேட்டால் அவர் பக்கம் தப்பு சொல்ல முடியாது. டிராயிங்கில் கம்பி, சுற்று எண்ணிக்கை, உயரம், பாரம், முலாம் எல்லாம் இருந்தன. தகைவு தணிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. ஸ்பிரிங் இறுகிய நிலையில் 180 டிகிரி ஓவனுக்குள் போகப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. டிராயிங் போட்ட காலத்தில் ஷெல்லுக்குத் தனியாகப் பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் அசெம்பிளி செய்தார்கள் என்பதை ஒரு மூத்த சூப்பர்வைசர் சொன்னார். மூடியபின் பூசும் முறை பின்னால் வந்தது. வரிசை மாறியபோது ஸ்பிரிங் டிராயிங்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய சப்ளையரின் பழக்கம் அந்த ஓட்டையை வருடக்கணக்கில் மூடி வைத்திருந்திருக்கிறது.

ஆக 6 மில்லிமீட்டரில் ஓவன் 2-ஐயும், ஷெல்லும் எலிமெண்டும் 1-ஐயும் எடுத்துக்கொண்டன. எல்லாம் மோசமான பக்கமே சேர்ந்த ஃபில்டர்களில் அழுத்தம் பாதிக்கும் கீழே. எல்லாம் நடுவாக அமைந்தவை தப்பித்தன. ஒரே பெட்டியில் சில வடிய, சில வடியாததற்கு விளக்கம் இதுவே.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு அந்த மாடலின் அனுப்புதலை நிறுத்துவது. இதில் விவாதம் இல்லை.

கிடங்கில் இருந்த முடிந்த சரக்கை என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. வடிகால் சோதனை செய்தால் ஃபில்டருக்குள் ஆயில் போய்விடும், அப்புறம் விற்க முடியாது. வெட்டினால் கேட்கவே வேண்டாம். பேக்கிங் பிரிவில் நெடுநாளாக வேலை செய்யும் ஒரு அக்கா, "குலுக்குனா சிலதுல டொக்குனு உள்ள அசையுதுங்க, முன்னெல்லாம் இப்படி இருந்ததில்ல" என்று சொன்னார். சூப்பர்வைசரிடம் சொன்னாரா என்று கேட்டதற்கு, சொன்னதாகவும் லீக் இல்லையென்றால் விட்டுவிடு என்றதாகவும் பதில். குலுக்கினால் தெரிவது முழுக்கத் தளர்ந்தது மட்டுமே. அரைகுறையாக அழுத்துவதை அது காட்டாது. ஆனாலும் அவர் சொன்னதிலிருந்து ஒரு யோசனை கிளம்பியது. அசைகிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக, எவ்வளவு தள்ளினால் அசைகிறது என்று அளந்தால் என்ன?

நடுத்துளை வழியாக ஒரு கம்பியை விட்டால் அது நடுக்குழாய்க்குள் போய் மூடிய பக்கத்து எண்ட் கேப்பில் முட்டும். அங்கிருந்து தள்ளினால், ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மிஞ்சும்போது எலிமெண்ட் நகரத் தொடங்கும். அந்தக் கணத்தின் விசைதான் நமக்கு வேண்டிய எண். பைபாஸ் வால்வு அதே இடத்தில் இருப்பதால், கம்பியின் நுனியை வளையமாகக் கடைந்து, வால்வைத் தொடாமல் அதைச் சுற்றி உட்காரும்படி செய்தார்கள். டூல் ரூமில் டர்னர் அதை அன்று மாலைக்குள் முடித்துவிட்டார். விசை மீட்டரோடு சேர்த்து ஒரு கைப்பிடி பிரஸ்ஸில் மாட்டி, வெட்டிப் பார்த்துத் தெரிந்த ஃபில்டர்களோடும் வடிகால் முடிவுகளோடும் ஒப்பிட்டு, எந்த அளவுக்குக் கீழே ஒதுக்குவது என்று முடிவு செய்தார்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்தது இந்தக் கருவி. வாங்கினால் விலை அதிகமாக இருந்திருக்கும் என்பதற்காக அல்ல. மூடிய பொருளைத் திறக்காமல் சரியான கேள்வியைக் கேட்கிறது.

கிடங்குச் சரக்கு முழுவதும் அதில் ஏறி இறங்கியது. ஒதுக்கியவற்றைப் பிரித்துப் பாகங்களை மீட்கலாம் என்று ஸ்டோர் சொன்னது. சீமிங்கை வெட்டிய ஷெல்லும் மூடியும் மறுபடி உதவாது, எலிமெண்டில் இரும்புத் தூள் விழும். பழைய இரும்புக்குப் போட்டுவிடத் தீர்மானித்தார்கள்.

இரண்டாவது, வெளியே போனவை. புதிய ஸ்பிரிங் புழங்கத் தொடங்கிய தேதி முதல் அத்தனை தேதிக் குறியீட்டையும் வியாபாரிகளிடமிருந்து திரும்ப எடுக்க வேண்டும் என்று தரப் பிரிவு. புகார் வந்த ஊர்களில் மட்டும் எடுத்தால் போதும் என்று விற்பனை. சத்தம் மட்டும் பிரச்சினை என்றால் விற்பனை சொன்னதில் நியாயம் உண்டு. ஃபில்டர் வாய் மேலே இருக்கும்படி செங்குத்தாக நிற்கும் வண்டிகளில் வடிதல் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கறுப்புக் கீற்று எந்த வாட்டில் மாட்டினாலும் வரும். வெட்டிய ரப்பர் வளையங்களை மேஜையில் வைத்துக் காட்டிய பிறகு முதலாளி எல்லாவற்றையும் திரும்ப எடுக்கச் சம்மதித்தார். வண்டியில் ஏறிவிட்டவற்றுக்கு, ஒர்க்‌ஷாப்புகள் மூலம் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிப் போனவர்களுக்கு எந்தப் பதிவும் இல்லாததால் பலரைச் சென்றடைய முடியவில்லை. என்ன செய்திருந்தாலும் அது முடிந்திருக்காது.

மூன்றாவது, உற்பத்தியைத் திரும்பத் தொடங்குவது. உற்பத்தி மேலாளர் உடனடித் தீர்வாக இன்னும் பலமான ஸ்பிரிங் போடச் சொன்னார். வேகமான வழிதான். ஆனால் பலம் கூடினால் சீமிங்குக்கு முன் மூடி அதிகம் எழும்பி நிற்கும், ரோலர் பிடிக்கும்போது சாய்ந்தால் சீமிங்கே கெடும். ஒரு உள் ஒழுகலைத் தீர்க்கப் போய் வெளி ஒழுகலை வாங்கிக்கொள்வதாகிவிடும். எண்ட் கேப்பும் நடுக்குழாயும் கூடுதல் பாரத்தைத் தொடர்ந்து சுமக்க வேண்டியிருக்கும். தகைவு தணித்த அதே ஸ்பிரிங்கை வாங்கி, ஷெல் ஆழத்தை டையில் சரிசெய்த பிறகே ஓட்டுவது என்று முடிவானது. புதிய சப்ளையரையே வைத்துக்கொண்டார்கள். டிராயிங்கில் தகைவு தணிப்பும், மூடிய உயரத்தில் 180 டிகிரி சோதனைக்குப் பின் இருக்க வேண்டிய உயரமும் ஏறின.

நான்காவதாக, லைனில் ஒரு அளவு சேர்ந்தது. சீமிங்குக்கு முன் மூடியை வைத்ததும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கால் அது ஷெல் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கும். அந்த எழும்பல்தான் சீமிங்கில் ஸ்பிரிங் சுருங்கப்போகும் அளவு. அதைச் சென்சார் வைத்து ஒவ்வொரு ஃபில்டரிலும் பார்த்தால், ஷெல் ஆழமோ எலிமெண்ட் உயரமோ நகர்ந்தால் அந்த ஷிஃப்டிலேயே தெரிந்துவிடும். ஓவனில் நடப்பதை இது பிடிக்காது. அதற்கு ஓவனுக்குப் பின் ஒவ்வொரு ஷிஃப்டிலும் சில ஃபில்டர்களில் தள்ளு சோதனை.

பின்னர் நடந்தது

தொடங்கிய வாரத்தில் சென்சார் அடிக்கடி லைனை நிறுத்தியது. மூடி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், சென்சார் இருக்கும் இடத்தைப் பொறுத்து அளவு கூடவோ குறையவோ காட்டும். எண்ணிக்கை எட்டாமல் போகவே, ஒரு இரவு ஷிஃப்டில் சென்சார் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். ஆபரேட்டர்களைத் திட்டிப் பயனில்லை. நல்ல ஃபில்டரையும் ஒதுக்கும் சென்சாரை யாரும் மதிக்க மாட்டார்கள். மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுக்கும்படி மாற்றியதும் வீண் நிறுத்தம் பெரிதும் குறைந்தது. கழற்றினால் சீமிங் மெஷின் ஓடாதபடி இணைத்தும் விட்டார்கள்.

திருத்திய தேதிக் குறியீட்டு ஃபில்டர்களில் காலைச் சத்தப் புகார் திரும்ப வரவில்லை. ஈரோட்டு வியாபாரி சில காலம் வேறு பிராண்ட் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தார். திரும்பி வந்த சரக்கின் செலவு, ஸ்பிரிங் விலையில் மிச்சம் பிடித்ததைப் பல மடங்கு விழுங்கிவிட்டது என்பதைக் கணக்குப் பிரிவு சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அதே சப்ளையரின் ஸ்பிரிங் ஒரு டிராக்டர் மாடலிலும் போய்க்கொண்டிருந்தது. தள்ளு சோதனையில் அங்கேயும் அழுத்தம் குறைந்திருந்தது. ஆனால் அந்த டிசைனில் தொடக்கச் சுருக்கமே அதிகம், அதனால் வடிகால் சோதனையில் தேறியது. வெளியே போனவற்றை எடுக்கவில்லை. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினார்கள்.

மாறியவையும் மாற வேண்டியவையும்

புகார் புத்தகத்தில் "பொருத்திய விதம்" என்ற தலைப்பை நீக்கிவிட்டார்கள். இப்போது டிரைவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, ஃபில்டர் எந்த வாட்டில் நிற்கிறது, சத்தம் எப்போது வருகிறது என்று கேட்டுக்கொள்கிறார்கள். காரணம் எழுதும் கட்டம் தரப் பிரிவிடம் போய்விட்டது. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு மாடலிலும் சில ஃபில்டர்களைத் தேதி எழுதி எடுத்து வைக்கும் பழக்கமும் வந்திருக்கிறது. பழைய ஃபில்டர்கள் ஸ்டோரில் கிடைத்தது தற்செயல்; அவை இல்லையென்றால் ரப்பர் பதிவை எதனோடும் ஒப்பிட்டிருக்க முடியாது.

நான் இன்னும் திருப்தியடையாத இடம், வேலையின் வரிசை மாறும்போது டிராயிங்குகளைத் திரும்பப் பார்ப்பது. ஒரு பாகம் மாறினால் அதற்கு ஒப்புதல் படிவம் உண்டு. பெயிண்ட் அடிக்கும் இடம் மாறுவதை ஆலை பாக மாற்றமாகவே நினைக்கவில்லை, இன்றும் அந்தப் படிவத்தில் அதற்குத் தெளிவான இடமில்லை. அசெம்பிளிக்கு முன்பே ஷெல்லுக்குப் பூசும் பழைய முறைக்குத் திரும்பலாமா என்றும் பேசினார்கள். அப்படிச் செய்தால் ஸ்பிரிங்கும் ரப்பரும் ஓவனைப் பார்க்கவே வேண்டாம். ஆனால் சீமிங் ரோலர் பூச்சைக் கீறிவிடும், கீறிய மடிப்பில் துரு பிடிக்கும். மெல்லிய பூச்சோடு சோதனை ஓட்டம் நடக்கிறது. துருவைச் சோதிக்க உப்புத் தெளிப்பு அறையில் வைத்த முதல் தொகுதி ஃபில்டர்களில் சீமிங் ஓரம் துரு கண்டிருக்கிறது, அடுத்த தொகுதி இப்போது அந்த அறையில் இருக்கிறது.